ஷட்டரை முப்பத்திரண்டில் வைத்தேன்

எங்கள் தெருவில் கைக்கடிகாரம் கட்டினவர்கள் யாரும் கிடையாது. சங்கு குளிக்க முங்கின ஆள் எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறான் என்பதை, மேலே வள்ளத்தில் நின்று கயிறு பிடிக்கிறவர் ஜெபம் சொல்லித்தான் அளப்பார். மாதாவை வேண்டுகிற பிரியதத்த மந்திரம். சின்ன ஜெபம். அவசரமில்லாமல், உதடு மட்டும் அசைய, ஒன்று முடிந்ததும் அடுத்தது. என் அண்ணனுக்கு அளவு ஐந்து. ஐந்தாவது முடியும்போதும் கீழேயிருந்து கயிறு அசையவில்லை என்றால் மேற்கொண்டு காத்திராமல் இழுத்துவிட வேண்டும்.

அண்ணனுக்குக் கயிறு பிடித்தவர் என் மதினியின் கூடப்பிறந்தவர். எனக்கு மச்சான் முறை. மனைவியின் சகோதரன் கையில்தான் கயிறு இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலி விஷயத்தில் எவனும் பராக்குப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான் என்ற நம்பிக்கை. பதினோரு வருஷம் அந்த மனுஷர் என் அண்ணனை இறக்கி ஏற்றியிருக்கிறார். ஒரு நாள்கூட எண்ணிக்கை தப்பினது கிடையாது.

நான் கடலுக்குப் போகவில்லை. எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். “இவன் குளிக்கதெல்லாம் செம்புத் தண்ணிலதான்” என்று அண்ணன் என்னைக் கேலி செய்வான். நான் ஊருக்குள் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். முதலாளி நாசரேத்துக்காரர், வாத்தியார் வேலையை விட்டுவிட்டுப் படம் பிடிக்க வந்தவர். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, கம்பளி எடுக்கப் போனவர் ஒரு சினிமா கேமராவோடு திரும்பி வந்தார். பாட்டரிப் பெட்டியில் ஓடுகிற கேமரா. கூடவே நாலைந்து சுருள் ஃபிலிமும் கிடைத்தது. அதை வைத்து என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆறு மாதம் அலமாரியில் கிடந்தது.

அப்போதுதான் கல்கத்தாவிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். வளையல் அறுக்க இங்கிருந்து சங்கு வாங்கிப் போகிறவர். கடலுக்குள் முங்கிச் சங்கெடுப்பதைப் படமாக எடுத்துக் கொடுத்தால் தன் கடையில் போட்டுக் காட்டுவேன் என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் அண்ணனிடம் கேட்டேன். அண்ணன் சிரித்துக்கொண்டே சரி என்றான்.

அந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. போட்டோ கேமராவில் ஷட்டர் வேகத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். இதில் அப்படி முடியாது. உள்ளே ஓர் அரைவட்டத் தகடு சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்த பக்கம் வரும்போது ஃபிலிமில் வெளிச்சம் விழும், மூடின பக்கம் வரும்போது ஃபிலிம் ஒரு கட்டம் நகரும். பதினாறில் வைத்தால் நொடிக்குப் பதினாறு படம். முப்பத்திரண்டில் வைத்தால் தகடு இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றும், ஒவ்வொரு படத்துக்கும் பாதி வெளிச்சம்தான் விழும். வெயில் கடுமையாக இருக்கும் இடத்தில் அது நல்லது. ஆனால் நொடிக்கு முப்பத்திரண்டாக எடுத்ததைத் திரையில் வழக்கப்படி பதினாறாக ஓட்டினால், எல்லாம் பாதி வேகத்தில் நடக்கும். ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷமாகத் தெரியும். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அன்று அண்ணன் காலையிலிருந்து மற்றவர்களோடு முங்கி, அன்றாட வேலையை முடித்திருந்தான். உச்சிவெயில் நேரத்தில் எனக்காகவென்று ஒரு சின்ன வள்ளத்தில் மறுபடி கடலுக்கு வந்தான். வள்ளத்தில் அண்ணன், மச்சான், நான், மூன்றே பேர். காற்று இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. நான் கேமராவைப் பதினாறில் வைத்தேன், லென்ஸில் வெளிச்சம் புகும் ஓட்டையை முடிந்த மட்டும் சுருக்கினேன். அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு, கீழே இழுத்துப் போகிற கல்லோடு இறங்கினான். கயிறு, மச்சான், அண்ணன் மறுபடி தலை தூக்கினது, எல்லாம் எடுத்தேன். சரியாக ஐந்து மந்திரம்.

எடுத்து முடித்த பிறகுதான் சந்தேகம் வந்தது. ஃபிலிம் பட்டாளத்துச் சரக்கு, கொஞ்ச வெளிச்சத்தையே வாரி இழுத்துக்கொள்ளும். கடல் கண்ணைக் கூச வைத்தது. பதினாறு தாங்காது, அத்தனையும் வெளுத்துப் போயிருக்கும் என்று தோன்றியது. அண்ணன் வள்ளத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, இது வராது. வெளிச்சம் கூடிப்போச்சு. ஷட்டரை மாத்தி வைக்கேன். இன்னொரு தடவ முங்குதியா?” என்றேன்.

“போதும்லே. காலைலருந்து முங்குதான்” என்றார் மச்சான்.

“தம்பி கேக்கான்லா. எறக்குங்க மச்சான்” என்றான் அண்ணன்.

நான் குமிழை முப்பத்திரண்டில் வைத்தேன். திருகும்போது டக் என்று ஒரு சத்தம் வந்தது. அண்ணன் இறங்கினான்.

கயிறு அசையவே இல்லை. மச்சான் ஐந்தாவது மந்திரம் முடிவதற்குள்ளேயே இழுக்க ஆரம்பித்துவிட்டார். மேலே வந்தபோது அண்ணனின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. மச்சான் அவனை வள்ளத்துக்குள் புரட்டிப்போட்டு நெஞ்சை அமுக்கினார். நான் கேமராவை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. ஃபிலிம் தீர்ந்த பிறகும் மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. அடக்கத்தின்போது எனக்கு அழுகை வரவில்லை. யார் யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். எனக்குப் பசித்தது. அது ஒன்றுதான் இப்போதும் தெளிவாக நினைவிருக்கிறது. மனசில் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை, பல் பிடுங்க மருந்து போட்ட தாடை மாதிரி இருந்தது.

இரண்டாம் தடவை முங்கச் சொன்னது நான் என்று மச்சான் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மூன்றாம் நாள் முதலாளி சுருளைப் பம்பாய்க்குக் கழுவ அனுப்பினார். இப்போது எதற்கு என்று நான் கேட்கவில்லை. கல்கத்தா வியாபாரி தனக்கு இனி அது வேண்டாம் என்று எழுதிவிட்டார். இரண்டு மாதம் கழித்துச் சுருள் தகர டப்பியில் வந்து சேர்ந்தது. அதற்குள் நான் மதினி வீட்டிலேயே சாப்பிட ஆரம்பித்திருந்தேன். எங்கள் அப்பா அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில் மதினி எனக்குத் தட்டுப் போடுவாள். படம் வந்திருக்கிறது என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன்.

“நானும் பாக்கணும். அவிய மொகத்த ஒரு தடவ பாக்கணும்” என்றாள் மதினி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லாரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். மதினி, மச்சான், கூட முங்குகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர். முதலாளி கதவு ஜன்னல்களை அடைத்துச் சுவரில் வேட்டியைக் கட்டினார். புரொஜெக்டரை நான் ஓட்டினேன். பதினாறில் ஓட்டினேன்.

முதல் தடவை எடுத்தது நான் நினைத்தபடியே வெளுத்துப் போயிருந்தது. அண்ணன் வெள்ளைக்குள் ஒரு சாம்பல் உருவமாக இறங்கினான். இறங்கினதுமே அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அத்தனை பேரும் ஜெபம் சொன்னார்கள். யாரும் சொல்லச் சொல்லவில்லை. ஒருவன் முங்கிவிட்டால் எங்கள் ஆட்களுக்கு வாய் தானாக ஓடும். ஐந்து முடிந்தது, அண்ணன் மேலே வந்தான். யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

இரண்டாவது தெளிவாக இருந்தது. ஒவ்வொரு சொட்டும் தெரிந்தது. போட்டோக்காரன் கண்ணோடு பார்த்தால் நான் வைத்தது சரியான ஷட்டர் வேகம், அதைவிடச் சரியாக வைத்திருக்க முடியாது. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான், மெல்லச் சிலுவை போட்டான், போனான். அதன் பிறகு திரையில் கயிறும் தண்ணீரும் அசையாமல் நிற்கிற மச்சானும்தான். முணுமுணுப்பு மறுபடி தொடங்கியது. ஐந்து முடிந்தது. மச்சான் இழுக்கவில்லை. ஆறு முடிந்தது. ஏழாவதில் சிலர் நிறுத்திவிட்டார்கள். மதினி நிறுத்தவில்லை. அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. ஒன்பதாவது முடிந்து பத்தாவது தொடங்கியபோதுதான் திரையில் மச்சான் கையை அசைத்தார். இழுத்த விதமும் சாவகாசமாக, தூக்கத்திலிருந்து எழுந்தவன் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி இருந்தது. அண்ணன் மேலே வருவதற்குள் ஃபிலிம் தீர்ந்துபோயிருந்தது.

ஆறாவது மந்திரத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் குமிழை முப்பத்திரண்டில் வைத்ததும், இப்போது பதினாறில் ஓட்டிக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். கையை நீட்டி வேகத்தைக் கூட்டியிருந்தால் போதும். கூட்டவில்லை. அந்த நிமிஷம் என் மனசில் என்ன இருந்தது என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நல்லது ஒன்றும் இல்லை. மச்சான் தாமதித்ததால் அண்ணன் செத்தான் என்றால், நான் மறுபடி முங்கச் சொன்னதால் சாகவில்லை. அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் முதல் முறையாக எனக்கு மூச்சு லேசாக வந்தது.

முங்குகிற ஆள் ஒருவர் இருட்டில் என் பக்கம் திரும்பி, “ஏலே, படம் சரியாத்தான ஓடுது?” என்று கேட்டார்.

“சரியாத்தான் ஓடுது அண்ணாச்சி” என்றேன்.

ஜன்னலைத் திறந்தபோது மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார்கள். மதினி கடைசியாக எழுந்தாள். “பத்து” என்று மட்டும் தன் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவர் கையில் யாரும் கயிறு கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் உப்பளத்துக்குப் போனார், கொஞ்ச நாள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். மதினி அவரை வீட்டுக்குள் விடவில்லை. வாசலில் வந்து நின்றால் குசினிக்குள் போய்விடுவாள். நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஐந்து மாதம் அப்படிப் போனது. எனக்கு உறக்கம் வந்தது, வேலை ஓடியது, கல்யாணத்துக்கு நிற்கும் பெண்களுக்குப் படம் எடுத்தேன். குற்றம் உள்ளவனுக்குச் சோறு இறங்காது என்பார்கள். எனக்கு இறங்கியது.

மாதா கோயில் திருவிழா முடிந்த வாரம் மச்சான் ஸ்டூடியோவுக்கு வந்தார். கொழும்பு துறைமுகத்தில் வேலை பார்க்கப் போகிறாராம், காகிதத்தில் ஒட்டப் படம் வேண்டும் என்றார். ஸ்டூலில் உட்கார வைத்தேன். இளைத்திருந்தார். ஷட்டரை அரை நொடியில் வைத்து, “அசையாம இருங்க மச்சான்” என்றேன்.

“அசையல” என்றவர், கேமராவையே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். “பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேம்லே. சாமியார் மன்னிப்புக் குடுத்துட்டாரு. ஆனா எப்படின்னுதான் வெளங்கல. நான் அஞ்சுதான் சொன்னேன்னு சத்தியம் பண்ணுவேன். இல்ல, நடுவுல சொன்னதையே திருப்பிச் சொல்லிட்டனோ, கண்ணசந்துட்டனோ. படத்துல பாத்தேன்லா. கை எப்படி இழுக்கு பாத்தியா? எவனோ ஒரு சோம்பேறி நிக்க மாதிரி.”

என் விரல் பொத்தானை அமுக்கவில்லை. செய்யாத பாவத்தை அந்த மனுஷர் முழங்காலில் நின்று ஒப்புக்கொண்டு, அதற்கு விதித்த ஜெபத்தையும் சொல்லி முடித்திருந்தார். நான் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பதினாறு, முப்பத்திரண்டு, தகடு, வெளிச்சம், பாதி வேகம். நீங்கள் ஐந்துக்குள் இழுத்துவிட்டீர்கள், படம்தான் அதைப் பத்தாகக் காட்டியது என்றேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

“ஊருக்குப் போறவன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லுத. நல்ல பிள்ள நீ. கண்ணால பாத்தத எப்படிலே மாத்த முடியும்?”

“மச்சான், இப்பவே ஓட்டிக் காட்டுதேன். வேகத்தக் கூட்டி ஓட்டுனா உங்களுக்கே தெரியும்.”

“அத இன்னொரு தடவ பாக்க என்னால ஆகாது” என்று எழுந்துவிட்டார். படம் எடுக்காமலே போனார்.

அன்று மத்தியானம் நான் மதினியை ஸ்டூடியோவுக்குக் கூட்டி வந்தேன். எதற்கென்று வழியில் சொல்லவில்லை. சுருளை மாட்டி, முதல் பகுதியைத் தள்ளிவிட்டு, இரண்டாவதிலிருந்து வேகத்தை முப்பத்திரண்டுக்குக் கூட்டி ஓட்டினேன். அண்ணன் வழக்கம்போல, வீட்டில் சிரிக்கிற மாதிரி, சட்டென்று சிரித்தான். சட்டென்று சிலுவை போட்டான். போய்விட்டான். மதினியின் கை சேலைத் தலைப்பை இறுக்கியது.

“மச்சான் வாயப் பாருங்க மதினி” என்றேன்.

அவள் பார்த்தாள். அன்று யாரும் பார்க்காதது அது. திரையில் மச்சானின் உதடுகள் அசைந்தன. மதினியின் உதடுகள் அவற்றோடு சேர்ந்துகொண்டன. அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் ஒரே தாயிடம் கற்ற ஜெபம், ஓர் எழுத்துகூட முந்திப் பிந்திப் போகவில்லை. ஐந்தாவதின் நடுவில் இருவர் வாயும் ஒன்றாக நின்றது. மச்சான் வெறி பிடித்தவர் மாதிரி கயிற்றை இழுத்தார்.

நான் புரொஜெக்டரை அணைத்தேன். முப்பத்திரண்டின் கதையைச் சொன்னேன். மதினிக்கு உடனே புரிந்தது.

“எங்க அண்ணன் மேல தப்பில்ல” என்றாள்.

“இல்ல மதினி.”

“நீ அன்னைக்கே தெரிஞ்சுதான் ஓட்டுன.”

“ஆமா.”

“மொத தடவதான் நல்லா மேல வந்தாவள்லா. பொறவு எதுக்கு ரெண்டாவது எறங்குனாவ?”

இந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான் நான் ஐந்து மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

“நான்தான் எறங்கச் சொன்னேன். வெளிச்சம் கூடிப்போச்சு” என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். “நாளைக்கு மத்தியானம் சாப்பிட வந்துரு” என்றாள்.

மறுநாள் போனேன். குசினிக்கு முன்னால் இரண்டு தட்டுகள் எதிரெதிராக இருந்தன. ஒன்றின் முன்னால் மச்சான் உட்கார்ந்திருந்தார். மதினி முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய், காலில் விழாத குறையாகக் கூட்டி வந்திருக்கிறாள். இருவருக்கும் சோறு போட்டாள், மீன் குழம்பு ஊற்றினாள். ஆனால் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன் பிறகு அவள் சாகும்வரை என் முகத்தைப் பார்த்துப் பேசினது கிடையாது. சோறு மட்டும் ஒரு நாளும் தவறினதில்லை.

அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். மச்சான் என் பக்கம் குனிந்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு தங்கை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் கண் கலங்கியிருந்தது.

“ரெண்டாவது தடவ முங்கச் சொன்னது நீதான்னு அவகிட்ட சொல்லிட்டியாம. அதை எதுக்குலே சொன்ன? நான் யார்கிட்டயாவது வாய் தொறந்தேனா? எனக்காகப் படத்தப் பத்தி ஒரு பொய்யச் சொல்லி, அதுக்குத் தக்கன பழியையும் உன் தலையில போட்டுக்கிட்டியே” என்றார். குரலைத் தாழ்த்தி, “இந்த ஒதவிய நான் மறக்க மாட்டேம்லே” என்றார்.

தன் தட்டிலிருந்த நடுத்துண்டு மீனை எடுத்து என் தட்டில் வைத்தார். முள்ளை எடுத்துவிட்டு அதைத் தின்றேன்.